மறுகூட்டல் ஜன்னல்

அந்தப் பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவில் மூன்று ஜன்னல்கள் இருந்தன. முதலாவதில் விண்ணப்பம் வாங்குவார்கள். இரண்டாவதில் சான்றிதழ் கொடுப்பார்கள். அந்த இரண்டுக்கும் வருகிறவர்கள் பெரும்பாலும் நல்ல முகத்தோடுதான் திரும்பிப் போவார்கள். மூன்றாவது ஜன்னல் அப்படியல்ல. மதிப்பெண் குறைந்தவர்கள், தேறாதவர்கள், விடைத்தாளை இன்னொரு முறை கூட்டிப் பார்க்கச் சொல்லிவிட்டுக் காத்திருப்பவர்கள் எல்லோரும் வந்து நிற்கிற இடம் அது. கண்ணாடியின் அடியில் அரைவட்டமாக ஒரு திறப்பு இருக்கும். பேச வேண்டுமானால் குனிந்துதான் ஆக வேண்டும்.

பதினோரு வருடமாக அதற்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவளை எல்லோரும் மறுகூட்டல் அக்கா என்று கூப்பிட்டார்கள். அவளைவிட மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். கெட்ட செய்தியைச் சொல்வதில் அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. அடுத்த பரீட்சை எப்போது, எந்தத் தேதிக்குள் எழுதிப்போட வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் மதிப்பெண்ணைச் சொல்வாள். கேட்பவருக்கு விழுவதற்கு முன்பே பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று கையில் இருக்கும். யாரும் அவளுக்கு இதைச் சொல்லித் தரவில்லை.

வருடம்தோறும் ஊழியர்களுக்கு ஆறு வாரப் பயிற்சி ஒன்று நடக்கும். மாணவர் சேவைப் பணிக்கான பயிற்சி. அதை முடித்தவர்கள்தான் மேற்பார்வையாளர் பதவிக்குப் போக முடியும். அக்கா நான்கு முறை விண்ணப்பித்திருந்தாள். நான்கு முறையும் தேர்வு அதிகாரி அவளை அறைக்குக் கூப்பிட்டு, நாற்காலி காட்டி உட்காரச் சொல்லி, ஒரே பதிலைத்தான் சொன்னார்.

"உங்களை அனுப்பிட்டா அந்த ஜன்னலுக்கு யாரும்மா இருக்கா? நீங்க அங்க உட்கார்ந்திருக்கீங்கன்னாதான் நான் நிம்மதியா ஃபைல் பாக்க முடியுது."

முதல் தடவை கேட்டபோது அவளுக்கு உச்சி குளிர்ந்தது. வீட்டில் கணவரிடம் இரண்டு முறை சொல்லிக் காட்டினாள். நான்காவது தடவை அறையை விட்டு வெளியே வரும்போது, முடியாது என்று சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாமே என்று தோன்றியது. பாராட்டுகிறவரோடு எப்படிச் சண்டை போடுவது?

அந்த வருடம் மறுகூட்டல் முடிவுகளில் முதல் பகுதி வெளியான மூன்றாம் நாள் காலையில் ஒருவர் வந்தார். கையில் ரசீதை எட்டாக மடித்து வைத்திருந்தார்.

"என் பொண்ணு பாஸா ஃபெயிலா, அதை மட்டும் சொல்லுங்கம்மா. வேற ஒண்ணும் வேணாம்."

அக்கா கணினியில் எண்ணைத் தட்டினாள். மறுகூட்டலில் இரண்டு மதிப்பெண் கூடியிருந்தது. பெண் தேறிவிட்டாள். நிமிர்ந்து அதைச் சொல்ல வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை.

இருமிப் பார்த்தாள். தண்ணீர் குடித்தாள். மறுபடியும் உதடுதான் அசைந்தது. அவள் சொல்லத் தயங்குகிறாள் என்று நினைத்துக்கொண்ட அந்த மனிதர், "சரிம்மா, புரிஞ்சிடுச்சு" என்று சொல்லிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணாடிக்கு அப்பால் அவர் தலை மறைந்துபோனது. அக்கா ஒரு துண்டுச் சீட்டில் "பாஸ்" என்று பெரிதாக எழுதி, கதவைத் திறந்து வெளியே ஓடி, அவர் முகத்துக்கு நேராகக் காட்டினாள். அவர் சீட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அழ ஆரம்பித்தார். அவளும் அழுதாள். ஆனால் அந்த அழுகையிலும் சத்தம் இல்லை.

மருத்துவர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, குரல்வளையில் ஒரு கோளாறும் இல்லை என்றார். "அளவுக்கு மீறி உழைச்சிருக்கு. கொஞ்ச நாள் வீட்ல இருங்க."

வீட்டில் நான்காம் நாள் கிசுகிசுப்பாக வந்தது. எட்டாம் நாள் முழுக் குரலும் வந்துவிட்டது. பதின்மூன்று வயது மகளுக்கு அதில் கொஞ்சம் வருத்தம். "இன்னும் ஒரு வாரம் கழிச்சு வந்திருக்கலாம்மா. வீடு எவ்ளோ அமைதியா இருந்துச்சு" என்றாள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் வேலை பார்த்த கணவர் சிரித்தார். அவருக்கும் அந்த அமைதி பிடித்திருந்தது என்று அக்காவுக்குத் தெரியும்.

பதினோராம் நாள் வேலைக்குக் கிளம்பினாள். பேருந்தில் டிக்கெட் கேட்கும்போது குரல் இருந்தது. பல்கலைக்கழக வாசலில் காவலாளி, "உடம்பு தேவலையாக்கா?" என்று கேட்டார். பதில் சொல்லப் போனாள். இல்லை. கயிறு அறுந்து கிணற்றில் விழுந்த வாளி மாதிரி உள்ளே எங்கோ போய்விட்டிருந்தது. அவள் கையால் ஏதோ சைகை காட்டிவிட்டு அப்படியே வீட்டுக்குத் திரும்பினாள்.

அந்தச் சனிக்கிழமை ஊழியர் நலப் பிரிவின் அலுவலர் அவளைப் பார்க்க வந்தார். முப்பத்தைந்து வயதுப் பெண், வேலையில் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அவர் பொறுப்பேற்றதும் எல்லாப் பிரிவினருக்கும் மன அழுத்தம் பற்றி ஒரு நாள் கூட்டம் நடத்தியிருந்தார். கண்ணை மூடி மூச்சை இழுத்து விடச் சொன்னார்கள். "இழுத்தாச்சு. விடத்தான் நேரமில்லை" என்று தேர்வுப் பிரிவில் ஒரு வாரம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போதும் அவர் கையில் ஒரு துண்டறிக்கை இருந்தது. மூச்சுப் பயிற்சி ஐந்து வகை. அக்காவின் கணவர் அதை வாங்கி முழுவதும் படித்தார்.

"மூச்சு நல்லாத்தான் இருக்கு மேடம். பேச்சுதான் போயிடுச்சு."

அலுவலரின் முகம் சிவந்தது. "நான் என்ன செஞ்சா உங்களுக்கு உதவியா இருக்கும்க்கா? நிஜமாவே தெரியாமத்தான் கேக்குறேன்" என்றார்.

அலுவலகத்து ஆளைக் கண்டதும் அக்காவின் குரல் மறுபடி ஒளிந்துகொண்டிருந்தது. மகளின் நோட்டை இழுத்து எழுதிக் காட்டினாள்: "ஒரு நாள் என் ஜன்னல்ல உட்காருங்க."

திங்கட்கிழமை அவர் போய் உட்கார்ந்தார். பத்து மணிக்குத் திறந்த ஜன்னலை விட்டு மாலை நான்குக்குத்தான் எழுந்தார். சாப்பிடப் போகலாம் என்று பார்த்தால் வரிசை குறையவில்லை. கழிப்பறைக்குப் போன ஐந்து நிமிடத்துக்கு நான்கு பேரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. வந்தவர்களில் பாதிக்கு மேல் கேட்டது ஒரே கேள்விதான்: "முடிவு எப்ப வரும்?" பின்னால் இருந்த சுவரைத் திரும்பிப் பார்த்தார். "மறுகூட்டல் முடிவுகள் உரிய காலத்தில் வெளியிடப்படும்" என்று ஒட்டியிருந்தது. ஒன்பது வருடத்துக்கு முந்தைய காகிதம். மற்றவர்கள் கேட்டவற்றுக்குக் காகிதத்தில் பதில் எழுத முடியாது. ஒரு தாய் கண்ணாடியைத் தட்டித் திட்டினார். திட்டி முடித்ததும், "உன்னைச் சொல்லி என்னம்மா பிரயோசனம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கடைசி வார்த்தைதான் வீடு வரை கூடவே வந்தது.

மறுநாள் காலை அவர் தேர்வு அதிகாரியின் அறைக்குப் போனார்.

"சார், அந்த ஜன்னலுக்கு ஒருத்தர் பத்தாது. நாலு பேர் மாத்தி மாத்தி உட்காரணும். ஆளுக்கு ஒண்ணரை மணி நேரம். அக்கா ஃபைலையும் பாத்தேன், நாலு தடவை கேட்டிருக்காங்க; அவங்களைப் பயிற்சிக்கு அனுப்பணும்."

"நாலு பேருக்கு நான் எங்க போறது? இருக்கிறதே பத்துப் பேர்."

"சரி சார். இன்னிக்கு எனக்கு வேற வேலை இருக்கு. ஜன்னல்ல யாரை உட்கார வைக்கப் போறீங்க?"

அதிகாரி வெளியே எட்டிப் பார்த்தார். வரிசை படிக்கட்டு வரை நின்றது. முதல் ஜன்னல்காரர் அவசர அவசரமாகக் குனிந்து எதையோ தேடினார். கடைசியில் அதிகாரியே பேனாவை எடுத்துக்கொண்டு போனார். ஒரு மணி நேரம் என்று நினைத்துத்தான் போனார்.

அவர் கெட்டவர் இல்லை. விதிகளெல்லாம் அவருக்கு மனப்பாடம். கேட்ட ஒவ்வொருவருக்கும் எந்த விதி, எந்தப் பிரிவு என்று பொறுமையாகச் சொன்னார். பன்னிரண்டு மணிவாக்கில் ஒரு பெண்மணி வந்தார். மகனுக்கு மூன்று பாடம் போயிருந்தது. மறுகூட்டலிலும் மாற்றமில்லை. அதிகாரி விதியைச் சொன்னார்.

"ஐயா, எனக்கு விதி வேணாம். அவன் ரெண்டு நாளா சாப்பிடலை, கதவைத் திறக்கலை. இப்ப நான் வீட்டுக்குப் போய் அவன்கிட்ட என்ன சொல்லட்டும்? அதைச் சொல்லுங்க போதும்."

இருபத்தாறு வருடப் பணியில் ஆயிரக்கணக்கான மதிப்பெண் பட்டியல்களில் கையெழுத்துப் போட்டவர் உதவிக்குத் திரும்பிப் பார்த்தார். பக்கத்து ஜன்னலில் சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருந்தவர் மெதுவாக, "அக்கா இருந்தா அடுத்த பரீட்சைத் தேதியைத்தான் சார் முதல்ல சொல்லுவாங்க" என்றார். அதிகாரி தேதியைத் தேடி எடுத்து, ஒரு தாளில் தானே எழுதி, "இன்னும் நாலு மாசம் இருக்கும்மா. மூணையும் ஒண்ணாவே எழுதலாம். கதவுக்கு வெளியில நின்னாவது இதைச் சொல்லுங்க. பக்கத்துலயே இருங்க, அவனைத் தனியா விடாதீங்க. எங்க மாணவர் ஆலோசகர்கிட்ட இப்பவே பேசச் சொல்றேன்" என்றார். ஆலோசகரை அழைத்துவிட்டுத்தான் அந்த அம்மாவை அனுப்பினார். இரண்டரை மணிக்கு எழுந்தபோது முதுகு நிமிரவில்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள்.

அன்று மாலை அக்காவின் வீட்டுத் தொலைபேசி அடித்தது. அவள் எடுத்தாள்; மறுமுனையில் அதிகாரி.

"நீங்க பேச வேண்டாம்மா. கேட்டா போதும்" என்றார் அவர். பிறகு, "நாலு தடவை உங்களைப் பாராட்டினதா நினைச்சுட்டிருந்தேன். இன்னிக்கு உட்கார்ந்து பாத்தப்பதான் தெரிஞ்சுது. அது பாராட்டு இல்லை. என் வசதிக்காகச் சொன்னது. பயிற்சி அடுத்த மாசம் ஆரம்பிக்குது. உங்க பேரை அனுப்பிட்டேன். போங்கம்மா" என்றார்.

அக்கா தொலைபேசியை வைத்தாள். கணவர் என்னவென்று கேட்டார். சொல்ல முயன்றாள், வரவில்லை. நோட்டில் எழுதிக் காட்டினாள். அவர் படித்துவிட்டு, "போறதுக்கு பயமா இருக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினாள். "பயமா இருந்தா பரவாயில்லை, போ" என்றார்.

பயிற்சி வகுப்பில் முதல் இரண்டு நாள் அவள் வாயே திறக்கவில்லை. அதட்டவும் யாரும் இல்லை, அவசரப்படுத்தவும் யாரும் இல்லை. மூன்றாம் நாள் பாடம் எடுத்தவர், வருத்தமான செய்தியை எப்படிச் சொல்வது என்று பலகையில் ஆறு படிகள் எழுதினார். அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்வது அதில் நாலாவதாக இருந்தது; அக்காவுக்கு அது தப்பு என்று பட்டது. கையைத் தூக்கினாள். தூக்கின பிறகுதான் பேச முடியாதே என்பது ஞாபகம் வந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அது முதல்ல வரணும்ங்க" என்றாள். கரகரவென்று, ஆனால் பின்வரிசை வரை கேட்கும்படி வந்தது.

ஏன் என்று கேட்டார்கள். பதினோரு வருடத்துக் கதையில் ஒரு பங்கைச் சொன்னாள். அந்த வகுப்பு சாப்பாட்டு நேரத்தைத் தாண்டிப் போனது.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. மேற்பார்வையாளர் பதவி அந்த வருடம் வரவில்லை, அடுத்த வருடம்தான் வந்தது. நான்கு பேர் என்று தொடங்கியது நடுவில் மூன்றாகக் குறைந்தது. நலப் பிரிவு அலுவலர் நான்கு கடிதம் எழுதி நாலாவது ஆளைத் திரும்ப வாங்கினார். அவர் இப்போது துண்டறிக்கை அச்சடிப்பதில்லை. வருடத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு அதிகாரியையும் ஏதாவதொரு ஜன்னலில் அரை நாள் உட்கார வைக்கிறார். சிலர் அந்த நாள் பார்த்து விடுப்பு எடுத்துக்கொள்கிறார்கள். சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பை அக்கா திருத்தி எழுதினாள்: முடிவு வரும் தேதி, தாமதமானால் யாரைக் கேட்பது, இரண்டே வரி. வரிசை பாதியாகக் குறைந்தது. மதியம் ஒரு மணிக்கு ஜன்னலைச் சாத்துகிறார்கள். முதலில் சத்தம் போட்டவர்கள் இப்போது இரண்டு மணிக்கு வருகிறார்கள். முடிவு வெளியாகும் நாட்களில் அக்காவின் தொண்டை இன்னும் கொஞ்சம் அடைக்கும். அப்போது அவள் பேசுவதைக் குறைத்துக்கொள்வாள்.

முறை மாற்றி உட்கார வந்தவர்களுக்கு வேலை சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு அவளிடமே வந்தது. முதல் ஜன்னல்காரருக்கு ஓய்வு பெற இரண்டு வருடம்தான் இருந்தது. அவருக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. "நான் விண்ணப்பம் வாங்குறவன்க்கா. அழுகை வாங்குறவன் இல்லை" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். ஆனாலும் வந்து உட்கார்ந்தார். அக்கா சொன்னதையெல்லாம் ஒரு பழைய டைரியில் எழுதிக்கொண்டார். எல்லோரும் எழுந்து போன பிறகு அவர் மட்டும் தயங்கி நின்றார்.

"ஒரு சந்தேகம்க்கா. அவங்க அழும்போது நமக்கும் வந்துட்டா என்ன பண்றது?"

"எழுந்து பின்னாடி வந்துடுங்க. நான் இருப்பேன். நான் இல்லைன்னா இன்னொருத்தர் இருப்பாங்க."

"திரும்பப் போக முடியலைன்னா?"

"அன்னிக்குப் போக வேண்டாம்."

அவர் அதையும் டைரியில் எழுதிக்கொண்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டியபடி ஜன்னலை நோக்கி நடந்தார்.