சாக்ஸ் மாட்டிய கைகள்

தங்கைக்குச் சிறுநீரகம் தந்தவள் ஒன்றுவிட்ட சித்தப்பா மகள் என்றுதான் அண்ணன் சொல்லியிருந்தான். இரண்டு குடும்பங்களுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, அதனால் வெளியே தெரியக் கூடாதாம். அப்போது தங்கை நினைவில்லாமல் கிடந்தாள். எல்லாவற்றுக்கும் ஓடியவன் அவன்தான். கேள்வி கேட்க அவளுக்கு வாய் வந்ததில்லை.

தங்கையின் அலுவலகத் தோழி அழைத்தாள் என்று இருவரும் அந்தப் பழைய கிடங்குக்குப் போனார்கள். உடல் உறுப்பு வியாபாரத்தைப் பற்றிய நிகழ்ச்சி. மேடை இல்லை, மேசை நாற்காலிகள்தான். பார்க்க வந்தவர்களே நடிக்க வேண்டும். வாசலில் எடுத்த சீட்டில் அண்ணனுக்குத் தரகர் வேடம் விழுந்தது, தங்கைக்கு நோயாளி.

"நீ பாஸ் பண்ண பரீட்சைதான குட்டி, பயப்படாத," என்று சிரித்தான்.

சிறுநீரகம் விற்பவளாக எதிரில் உட்கார்ந்தது, பார்க்க வந்த ஒரு தையல்காரி. கூச்சத்தில் அவளுக்குப் பேச்சே எழவில்லை. நிகழ்ச்சியை நடத்தியவள், தரகர் அவளைத் தயார் செய்யலாம் என்றாள்.

அண்ணன் நாற்காலியை முன்னால் இழுத்தான். குரல் தணிந்தது.

"பயப்படாதீங்கம்மா. ஆஸ்பத்திரிக் குழு, நோயாளிக்குச் சொந்தமான்னு கேக்கும். சித்தப்பா மகள்னு சொன்னா மட்டும் போதாது. சின்ன வயசுக் கதை ஒண்ணு வேணும். ரெண்டு பேருக்கும் ஒண்ணா அம்மை போட்டுச்சு. சொறியக் கூடாதுன்னு கையில சாக்ஸ் மாட்டிவிட்டாங்க. அதை வச்சு பொம்மலாட்டம் ஆடினோம். சொல்லும்போது லேசா சிரிங்க. சிரிச்சா நம்பிடுவாங்க."

பக்கத்து மேசைக்காரர்கள் கைதட்டினார்கள். மனிதர் பிறவி நடிகர் என்றார் ஒருவர்.

தங்கை தட்டவில்லை. அம்மை போட்டது அவளுக்கும் அண்ணனுக்கும். அந்தச் சாக்ஸ் அப்பாவுடையது. அந்த அறையில் மூன்றாவதாக எந்தக் குழந்தையும் இருந்ததில்லை.

அண்ணன் அவள் முகத்தைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

வெளியே வந்ததும் அவன்தான் முதலில் பேசினான். அவள் பிழைத்தால் போதும் என்றிருந்ததாம், வேறெதுவும் கண்ணில் படவில்லையாம். அது பொய்யில்லை என்று அவளுக்கும் தெரியும்.

"அவங்க பேரு என்னண்ணா?"

"சித்தப்பா மக பேரைத்தான் சொல்லச் சொன்னேன். அவங்க பேரை நான் கேட்டுக்கல."

"உயிரோட இருக்காங்களா?"

உள்ளே மறுபடி கைதட்டல் கேட்டது.

"அவங்களைக் கூட்டிட்டு வந்த தரகருக்குப் போன் போடு," என்றாள்.

"இத்தனை வருஷம் கழிச்சு எங்க குட்டி…"

"போடுண்ணா."

அண்ணன் போனை எடுத்தான். அந்த எண் இன்னும் அதில் இருந்தது.