நாற்பத்தேழாம் கட்டத்து வைக்கோல்

ஜெலுத்தோங் அடுக்குமாடி ஒன்றின் கார் நிறுத்துமிடத்தில், நாற்பத்தேழாம் கட்டத்தில் இருக்கும் நான்கு வைக்கோல் கட்டுகள் தினமும் காலை ஏழு மணிக்குப் புறப்பட்டுப் போகும். மாலை ஆறரைக்குத் திரும்பி வரும். ஞாயிறும் பொது விடுமுறையும் அவற்றுக்கு ஓய்வு.

இதற்குப் பிரமிளாவைக் குறை சொல்வது அநியாயம். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாக நின்றுகொண்டே வேலை பார்ப்பவள். அடுக்குமாடிக்குப் பின்னால் கிடந்த துண்டு மண்ணில் வெண்டையும் கத்தரியும் போட்டிருந்தாள். உலகத்தில் அவள் தனக்கென்று வைத்துக்கொண்டது அது ஒன்றுதான். அந்த மண்ணைத்தான் நிர்வாகக் குழு ஒரு வார்த்தை கேட்காமல், காய்த்து நின்ற செடிகளோடு சேர்த்து மூடிச் சிமெண்ட் போட்டது. பிறகு கோடு கிழித்து, கார் இல்லாத அவளுக்கும் ஒரு கட்டம் ஒதுக்கியது. அதுவும் அவளுடைய வெண்டைப் பாத்திக்கு நேர் மேலே. வயிறு எரியாதா?

கடல் பாலத்துக்கு அக்கரையில், கெப்பாலா பத்தாஸ் வயல்களில் அறுவடை முடிந்ததும் நான்கு கட்டு வைக்கோல் வாங்கி வந்து அந்தக் கட்டத்தில் வைத்தாள். வைக்கோலில் பயிரிட மண் வேண்டாம். பத்து நாள் உரமும் தண்ணீரும் விட்டால் உள்ளே கொதித்து அடங்கும். பிறகு குழி பறித்து வெண்டை, கத்தரி நாற்றை நடலாம். ஐந்தாம் நாள் ஆவி கிளம்பியதும் குழுத் தலைவர் மோகனராஜ் தீ என்று அலறி, குழாயைப் பிடித்து ஒரு மணி நேரம் தண்ணீர் பீய்ச்சினார். கட்டுகள் நன்றாகவே ஊறின. வெண்டை பூத்த அன்று அவரே வந்து நின்றார்.

“என் எடத்துல என் செடி. ஒங்களுக்கு என்னா நோவுது?” என்றாள் பிரமிளா.

“ரூல்ஸ் இருக்குலா அக்கா. காலையில போயி சாயங்காலம் வந்தா அது வண்டி. சும்மாவே கெடந்தா குப்பை. திங்கக்கிழமை லோரி வந்து அள்ளிரும்.”

திங்கட்கிழமை ஏழு மணிக்குத் தொழிற்சாலை பஸ்ஸின் பின்னாலேயே கட்டுகள் கிளம்பிவிட்டன. லோரி வந்தபோது ஈரத் தடம்தான் இருந்தது. அக்கரைக்குப் போகும் கடல் பாலத்தில் இடது ஓரமாக, வேகத்தை மீறாமல் போனதைப் பலர் பார்த்திருக்கிறார்கள். ஆறரைக்கு, அடிப்பக்கமெல்லாம் வயல் சேற்றோடு வந்து சேர்ந்தன. வெண்டைக்காய் ஒரு விரல் நீண்டிருந்தது.

மோகனராஜ், விதி மீறும் கார்களுக்குப் போடும் சக்கரப்பூட்டைக் கட்டில் மாட்டிப் பார்த்தார். மறுநாள் பூட்டும் கூடவே போய்வந்தது. கடைசியில் குழு கூடி, இரண்டு மணி நேரம் கத்திவிட்டு, கட்டுகளுக்கு வாகன ஸ்டிக்கர் கொடுத்தது. செடிகளை உயிரோடு புதைத்ததற்கு மட்டும் எவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. மோகனராஜ் கத்தரிக்காய் கேட்டுப் பையோடு வந்தார். பிரமிளா கதவைச் சாத்தினாள்.

போன மாதம் ஒரு நாள் அவரே தன் புதுக் காரை நாற்பத்தேழில் விட்டார். அவர் இறங்குவதற்குள் காவலர் கமாலுதீன் கார்க் கண்ணாடியைத் தட்டினார்.

“எடுங்கண்ணே. ஆறரைக்கு அக்காவோட வைக்கோல் வந்துரும்.”

மோகனராஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஆறு இருபது. காரை எடுத்துவிட்டார்.