பரவாயில்லைக்கு இரண்டு மார்க்

எங்கள் கடையின் லிஃப்ட் ஈஸ்டருக்கு முந்தின வாரம் நின்றது. "பழுது" என்று எழுதி அதன் கதவில் ஒட்டினேன். கோடை முழுக்கக் கைபட்டுக் கைபட்டு அந்தத் தாள் நைந்து கிழிந்தது. நவம்பரில் புதிதாக ஒன்று எழுதி ஒட்டினேன். அதே வாரம்தான் எங்கள் தலைமை அலுவலகம் தொலைக்காட்சியில் கிறிஸ்துமஸ் விளம்பரத்தை விட்டது. செலவு அறுபது லட்சம் பவுண்டு. லிஃப்டுக்கு நான் கேட்டிருந்தது பதினெட்டாயிரம்.

என் பெயர் நோரீன் சக்டன். இங்கிலாந்தின் வடக்கே, பார்ன்ஸ்லியில் இருக்கும் ஹாலம்பி கடைக்கு மேலாளர். துணி, போர்வை, பாத்திரம், பொம்மை என்று மூன்று மாடி; உச்சியில் தேநீர்க்கடை. முட்டிவலிக்காரர்கள் எல்லோரும் அந்தத் தேநீருக்காகத்தான் எங்கள் கடைக்கு வருவார்கள், போகிற வழியில் ஏதாவது வாங்குவார்கள். லிஃப்ட் நின்றதிலிருந்து அவர்கள் கீழ்த்தளத்தோடு திரும்பிப் போனார்கள். இதை எழுத்தில் பதினொரு முறை மேலே சொல்லியாகிவிட்டது. செவிடன் காதில் ஊதிய சங்கு.

விளம்பரத்தைச் சொல்கிறேன். பனி பெய்யும் தெரு. யாரோ தவறவிட்ட சின்னச் சிவப்புக் கையுறை ஒன்று தரையில் கிடக்கிறது. வழியில் போகிற ஒருவர் அதை எடுத்து உதறி, பக்கத்து இரும்பு வேலியின் முனையில் செருகிவிட்டுப் போகிறார். எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதுதான். அந்தக் கையுறை காத்திருக்கிறது, காத்திருக்கிறது, அப்படிக் காத்திருக்கிறது. நாய் முகர்ந்து பார்க்கிறது. ஒரு பெண் இதோ அழப்போகிறேன் என்கிற குரலில் இழுத்து இழுத்துப் பாடுகிறாள். கடைசியில் ஒரு குழந்தையின் வெறுங்கை வந்து அதை எடுத்துக்கொள்கிறது. திரை கறுத்து, இரண்டே நொடி எங்கள் கடைப் பெயர். முடிந்தது.

"எப்படி இருக்கு?" என்று என் புருஷன் கிளிஃபர்டைக் கேட்டேன். முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன்.

"பரவாயில்ல," என்றான். டீ போடுகிறேன் என்று எழுந்து சமையலறைக்குப் போனான். திரும்பி வரப் பத்து நிமிஷம் ஆனது; கெட்டில் கொதிக்க அவ்வளவு நேரம் ஆகாது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனுஷனை அழவைக்க அறுபது லட்சமா? என் மாமியார் இருந்தவரை அதை இலவசமாகவே செய்தாள்.

ஆனால் பொய் சொல்லக்கூடாது. டிசம்பரில் கையுறை அலமாரி நான்கு முறை காலியானது. கையுறை வாங்க வந்தவர்கள் கழுத்துக்கு ஒன்று, காலுக்கு ஒன்று என்று சேர்த்து வாங்கினார்கள். ஒருவர் வந்து இடது கைக்கு மட்டும் கேட்டார்.

"வலது இருக்கு. இடதுதான் தொலைஞ்சுபோச்சு."

"ஜோடியாத்தான் விப்போம், கண்ணு."

"அப்ப இன்னொரு வலதை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

"வேலியில மாட்டுங்க."

கொஞ்சம் யோசித்துவிட்டு வாங்கிக்கொண்டு போனார்.

ஜனவரி இரண்டாவது வாரம் லண்டனிலிருந்து தாம்சின் பெல்லமி வந்தாள். விளம்பரப் பிரிவின் தலைவி, அந்தக் கையுறையைப் பெற்றவள். முப்பத்து மூன்று வயதிருக்கும். கறுப்புக் கோட்டு, கையில் தடித்த கோப்பு, கண்ணுக்குக் கீழே தூங்காத நிழல். லிஃப்டின் முன்னால் போய் நின்றாள்.

"இது வேலை செய்யாதா?"

"உங்க கையுறை வந்து தூக்கிவிட்டாத்தான் உண்டு," என்றேன். மூன்று மாடியும் ஏற வைத்தேன். என் ஆபீஸ் அறை முதல் மாடியில் இருப்பதைச் சொல்லவே இல்லை. அது அற்பத்தனம்தான். ஆனாலும் நன்றாக இருந்தது.

தேநீர்க்கடையில் மூச்சு வாங்கி உட்கார்ந்ததும் கோப்பைத் திறந்தாள்.

"எண்பத்து நாலு கிளையில, டிசம்பர் வியாபாரம் அதிகமா ஏறினது இங்கதான், நோரீன். முதல் இடம். ஆனா விளம்பரம் பிடிச்சுதான்னு கடை வாசல்ல ஆள் நிறுத்திக் கேட்டோமே, அதுல உங்களுக்குக் கடைசி இடம். யாருக்கும் தலையும் புரியல, வாலும் புரியல."

"புரியாட்டி என்ன? வித்துச்சுல்ல?"

"கல்லாவுல என்ன ஏறினாலும் குளிரு, தள்ளுபடி, சம்பள நாள்னு ஆயிரம் காரணம் சொல்லலாம். விளம்பரத்தாலதான்னு காட்ட எங்கிட்ட இருக்கிறது இந்த மார்க் ஒண்ணுதான். திங்கக்கிழமை இயக்குநர்கள் கூடுறாங்க. வடக்குல மார்க் இப்படி இருந்தா அடுத்த வருஷம் விளம்பரம் கிடையாது. விளம்பரம் இல்லேன்னா நானும் இல்ல."

"அப்ப அந்தப் பணம்?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். "கிளைகளுக்குப் பிரிச்சுக் குடுப்பாங்க. ரிப்பேர் வேலைக்கு."

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், லிஃப்ட் ஓடும். அவளைப் பார்த்தேன். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பதினொரு கடிதம் எழுதியவள் நான். இன்னொரு கோப்பை டீ வேண்டுமா என்று மட்டும் கேட்டேன்.

அவள் டீ வாங்கப் போன நேரத்தில் கோப்பிலிருந்த தாள்களைப் புரட்டினேன். "வடக்குப் பகுதி: உணர்ச்சி குறைவு" என்று ஒரு தலைப்பு. அதன் கீழே, "பார்ன்ஸ்லி: மனம் அசையவில்லை." கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று நேரடியாக எழுதவில்லை, அவ்வளவுதான். காது மடல் வரைக்கும் சுட்டது. மனம் அசையவில்லையாம். யாருக்கு? எங்களுக்கா?

அடுத்த பக்கங்களில் ஜனங்கள் வாசலில் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருந்தார்கள். பரவாயில்ல. பரவாயில்ல. நல்லாத்தான் இருந்துச்சு, பரவாயில்ல. பரவாயில்ல. பக்கம் பக்கமாக அதேதான்.

தாம்சின் திரும்பி வந்தாள்.

"இந்தப் 'பரவாயில்ல'க்கு எத்தனை மார்க் போட்டாங்க?" என்று கேட்டேன்.

"அஞ்சுக்கு ரெண்டு."

"போட்டது யாரு?"

"லண்டன்லதான். அந்தக் கம்பெனி ஆளுங்க."

"'ரொம்ப அருமை'க்கு?"

"அஞ்சுக்கு அஞ்சு."

சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. அவளுக்கு முகம் சுண்டிப்போனது. சரியாக அப்போது பார்த்து, பதினொரு மணி டீக்கு கிளிஃபர்ட் படியேறி வந்தான். தினமும் வருவான். அவனை இழுத்து உட்கார வைத்து, பழக் கேக்கும் சீஸும் ஒரு தட்டு முன்னால் தள்ளினேன். அவன் தின்று முடிக்கும் வரை காத்திருந்தேன்.

"கேக் எப்படி இருக்கு, கிளிஃபர்ட்?"

"பரவாயில்ல." தட்டில் கிடந்த தூளை விரலால் ஒற்றி ஒற்றி வாயில் போட்டுக்கொண்டிருந்தான்.

"நம்ம கல்யாணத்தன்னிக்கு நான் எப்படி இருந்தேன்?"

"இப்ப எதுக்கு இது?"

"சொல்லேன்."

"பரவாயில்லாம இருந்தே."

"முப்பத்தாறு வருஷம் என்னோட குப்பை கொட்டினது?"

ஜன்னல் பக்கம் பார்த்தான். "பரவாயில்ல," என்றான். காது சிவந்துவிட்டது.

தாம்சின் என் பக்கம் குனிந்தாள். "உங்களுக்குக் கோவம் வரலையா?"

"எதுக்கு வரணும்? இவங்க அக்கா கிறிஸ்துமஸுக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னிக் குடுத்தா. அதைப் பாத்துட்டு 'ரொம்ப அருமை'ன்னான். மறுநாள் அது நாயோட படுக்கையில கிடந்துச்சு. உங்க ஆளு அதுக்கு அஞ்சு மார்க் போட்டிருப்பான்."

"நாய்க்குப் பிடிச்சிருந்துச்சு," என்றான் கிளிஃபர்ட்.

தாம்சின் அந்தத் தாள்களை ஒன்றொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். பாதியில் நிறுத்தி, "அப்ப இது எல்லாமே..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டாள்.

"நான் சொன்னா நீ நம்பிடாதே. கீழ வா. நீயே கேளு."

கையுறை அலமாரிக்குப் பக்கத்தில் மிஸஸ் ஹெப்வொர்த் நின்றிருந்தார். எண்பத்தொரு வயது, கையில் தடி. ஈஸ்டர் வரை தினமும் மேலே போய் ஜன்னலோர மேஜையில் டீ குடித்தவர். அதற்குப் பிறகு மேலே வரவில்லை.

"லிஃப்ட் இன்னும் ஓடலியா, நோரீன்?"

"இல்லம்மா. இந்தப் பொண்ணு லண்டன்லேர்ந்து வந்திருக்கு. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணுமாம்."

தாம்சின் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "டிவியில அந்தக் கையுறை விளம்பரம் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

"பரவாயில்ல." கைப்பையைத் திறந்து எதையோ தேடினார், மூடினார். "எங்க வீட்டுக்காரர் போனப்புறம் அவர் கோட்டுப் பையில ஒத்தக் கையுறை ஒண்ணு கிடந்துச்சு. ரெண்டு வருஷமா டிராயர்லயே வச்சிருந்தேன். அந்த விளம்பரத்தைப் பாத்துட்டு மறுநாள் எடுத்துட்டுப் போயி பூங்கா வேலியில மாட்டிட்டு வந்தேன். யாரும் வந்து எடுப்பாங்கன்னு இல்ல. சும்மாத்தான்."

அந்த விளம்பரத்தை இரண்டு மாதமாகத் திட்டித் தீர்த்தவள் நான். அந்த நிமிஷம் வெட்கமாக இருந்தது.

மிஸஸ் ஹெப்வொர்த் தடியை ஊன்றிக் கிளம்பினார். நாலடி போய்த் திரும்பினார். "அது எதிர்த்த கடையோட விளம்பரம்தானே?"

தாம்சினின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. உறியிலிருந்த வெண்ணெய்ப் பானை விழுந்து உடைந்தது போல இருந்தது.

"அறுபது லட்சம்," என்றாள் மெதுவாக. "எதிர்த்த கடைக்கு."

"அவங்க நினைக்கிறது எதிர்த்த கடை. காசு குடுக்கிறது இங்க," என்றேன். "ஆனா அதை வச்சே உன்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. இங்க பாரு." அலமாரியிலிருந்து ஒரு கையுறையை எடுத்து, மணிக்கட்டு ஓரத்தை மடித்துக் காட்டினேன். உள்ளே தைத்த துணியில் ஹாலம்பி என்று இருந்தது. "வேலியில செருகுறாரே அந்த ஆளு, அப்ப இந்த ஓரம் கொஞ்சம் மடங்கினா என்ன? கையுறை காத்திருக்கிற நேரம் பூரா ஊரே படிக்குமில்ல?"

அவள் அந்தத் துணியைத் தடவிப் பார்த்தாள். "இதை ஏன் எங்க யாருக்கும் தோணல?"

"நீங்க கையுறை விக்கல. விளம்பரம் விக்கிறீங்க."

அந்தக் கையுறைக்குக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு ரயிலுக்குப் போனாள். லிஃப்டைத் தாண்டும்போது ஒரு கணம் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் என்ன விட்டுக்கொடுத்தேன் என்று அவளுக்குப் புரிந்துதான் இருந்தது. அவள் போனதும் நான் என்னையே நாலு வார்த்தை திட்டிக்கொண்டேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே, வாயாடி.

திங்கட்கிழமை மத்தியானம் ஃபோன் வந்தது. பின்னால் பஸ் சத்தம். தாம்சின் தெருவில் நின்று பேசுகிறாள்.

"எல்லாம் சொன்னேன், நோரீன். ஸ்வெட்டர், நாய், மிஸஸ் ஹெப்வொர்த் சொன்னது, எதிர்த்த கடை, அதையும் மறைக்கல. கையுறையை மடிச்சுக் காட்டினேன். கடைசியில தலைவர் ஆக்டன் எழுந்து நின்னு 'பரவாயில்ல'ன்னார். அதோட சரி. இது எந்தப் பரவாயில்ல?"

ஆக்டன் ராதரம்காரர். இங்கிருந்து பத்துப் பன்னிரண்டு மைல்தான்; எங்கள் பேச்சுதான் அவருக்கும்.

"கோட்டு மாட்டிக்கிட்டுச் சொன்னாரா, மாட்டாமலா?"

"மாட்டல. திரும்ப உக்காந்துட்டார்."

"உக்காந்து?"

"பிஸ்கட் எடுத்துக்கிட்டார்."

"எத்தனை?"

"ரெண்டு."

"போயி வயிறு நிறையச் சாப்பிடு, கண்ணு. உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாது."

அப்படித்தான் ஆனது. விளம்பரம் உண்டு, ஆனால் அறுபது லட்சம் நாற்பதாகக் குறைந்தது. மடிந்த ஓரத்தோடு எடுக்க வேண்டும் என்று உத்தரவு. மிச்சம் இருபது லட்சம் கிளைகளுக்கு, ரிப்பேர் வேலைக்கு. அந்த நாற்பது தகுமா என்று கேட்டால், இன்றைக்கும் எனக்கு அடித்துச் சொல்லத் தெரியாது. கல்லாவிடம் கேட்டால் ஒன்று சொல்கிறது, பூங்கா வேலி வேறொன்று சொல்கிறது. நான் இப்போது திட்டுவதில்லை, அவ்வளவுதான்.

ஏப்ரலில் லிஃப்ட் ஓடியது. முதல் சவாரி மிஸஸ் ஹெப்வொர்த்துக்கு. சொல்லாமல் கொள்ளாமல் தாம்சினும் வந்திருந்தாள், அதே கறுப்புக் கோட்டில். மூவரும் ஏறினோம். நான் பொத்தானை அமுக்கினேன். சத்தமே இல்லை. மூன்றாவது மாடியில் கதவு திறந்ததும் மிஸஸ் ஹெப்வொர்த் யாரையும் பார்க்காமல் நேரே ஜன்னலோர மேஜைக்கு நடந்தார். தடியை நாற்காலியில் சாய்த்துவிட்டு, ஒரு வருஷமாக அங்கேயே உட்கார்ந்திருந்தவர் போல உட்கார்ந்தார்.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. "என்ன, எப்படி இருக்கு எங்க லிஃப்ட்?" என்றேன் தாம்சினிடம்.

அவள் கதவைப் பார்த்தாள். ஜன்னலோர மேஜையைப் பார்த்தாள். அப்புறம் என்னை. முகத்தில் சிரிப்பின் சுவடே இல்லை.

"பரவாயில்ல," என்றாள்.

டீ போடுகிறேன் என்று சொல்லி உள்ளே போனேன். கெட்டில் கொதித்து நின்ற பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருந்தேன்.