மூடியில் எழுதிய பெயர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என்னுடையதல்ல. ஆய்வகத்திலிருந்து வந்த அக்கா சாப்பாட்டு மேசையில் புலம்பியது. நான் பக்கத்தில் உட்கார்ந்து அதைச் சுட்டுக்கொண்டேன்.

முதல் வரி: ‘காட்மியம் என்னும் அரக்கன் கோட்டைக்குள் நுழைந்தபோது, வீர ஈஸ்ட் தன் மீசையை...’

(அடித்துவிட்டேன். ஈஸ்டுக்கு வீரமும் கிடையாது, மீசையும் கிடையாது என்றாள் அக்கா.)

2

விஷயம் இவ்வளவுதான். காட்மியம் ஒரு நச்சு உலோகம். அது உள்ளே வந்தால், அக்கா வளர்க்கும் ஈஸ்ட் என்ற நுண்ணுயிரின் செல் தன்னிடமுள்ள சிறு புரதத் துணுக்குகளைக் கோத்துச் சங்கிலி செய்கிறது. சங்கிலியிலுள்ள கந்தகம் உலோகத்தைக் கப்பென்று பிடித்துக்கொள்ளும். பிறகு செல் இரண்டையும் சேர்த்துத் தனக்குள் ஒரு பையில் அடைத்துவிடும். (தொல்லை தரும் விருந்தாளியை எப்படி... வேண்டாம், என் மாமனார் இதைப் படிப்பார்.)

சங்கிலி இல்லாவிட்டால் ஈஸ்ட் பிழைக்காது என்பது அக்காவின் மூன்று வருட வாதம். முனைவர் பட்டமே அதன்மேல்தான் நிற்கிறது. ஈஸ்ட் வளர்க்கும் மூடிபோட்ட ஆய்வகத் தட்டுகள் இரண்டில் காட்மியம் கலந்து வைத்தாள். ஒன்றில் சாதாரண ஈஸ்ட். மற்றதில் சங்கிலி செய்யும் மரபணுவை நீக்கிய ஈஸ்ட். நீக்கியது சாக வேண்டும். அதுதான் கொழுகொழுவென்று வளர்ந்திருந்தது.

3

பேராசிரியரை வில்லனாக்கப் பார்த்தேன். நல்ல மனிதர், ஒத்துவரவில்லை. எது எந்த ஈஸ்ட் என்று பெயரை எங்கே எழுதினாய் என்று மட்டும் கேட்டாராம். தட்டின் அடியில் எழுத வேண்டும். அக்கா அவசரத்தில் மூடியில் எழுதியிருந்தாள். ஈரம் உலர இரண்டு மூடிகளையும் கழற்றி வைத்தது ஞாபகமிருக்கிறது. எதை எதற்கு மூடினாள் என்பது ஞாபகமில்லை.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவளோ, கூடம் நேராக இருக்கட்டும், கோணல் என் காலிலேயே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறாள்.

4

முடிவு அ: மூடி மாறியது. அக்கா அசடு; பட்டம் உண்டு.

முடிவு ஆ: மாறவில்லை. மூன்று வருடமும் அம்போ. கதைக்கு இதுதான் ருசி. (தம்பியா நான்? வெட்கமாக இருக்கிறது.)

முடிவு இ: வாசகரே தீர்மானிக்கட்டும்.

மூன்றையும் அக்காவிடம் காட்டினேன்.

“வாசகர் சொன்னா ஈஸ்ட் கேக்குமாடா?”

இம்முறை அடியில் பெயர் எழுதி மறுபடி வளர்க்கிறாள். புதன்கிழமை காலை தெரிந்துவிடும். நான் கதையை இன்றே அனுப்பியாக வேண்டும் என்றேன். அவள் சாப்பாட்டுத் தட்டில் விரலால் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

“புதன்கிழமை நீயும் வாயேன். தனியாப் பாக்க பயமா இருக்கு.”

“குறிச்சுக்கலாமா?”

“வேணாம். சும்மா பக்கத்துல நில்லு, போதும்.”

போகிறேன். பேனாவை வீட்டில் வைத்துவிட்டுத்தான். அதனால், வாசகரே, இந்தக் கதைக்கு முடிவெழுத ஆளில்லை.