நான்கு துளை தள்ளி

அன்று படகுக் கொட்டகையில் இருந்தவர்கள்: டெய்லர், இடுப்பில் பெல்ட் கட்டிய அவர் மனைவி, மனைவியின் தம்பி, தம்பி பெண்டாட்டி. நடுவில், இரண்டு முக்காலிகளின் மேல், இரண்டு பேர் உட்காரும் கயாக் படகு.

கயாக்கைத் தம்பிக்குக் கொடுத்துவிடுவது என்று முடிவாகியிருந்தது. மனைவிக்கு முதுகெலும்பில் டிஸ்க் விலகி ஏழு மாதம். இனிப் படகில் உட்காரவே கூடாது என்று டாக்டர் அடித்துச் சொல்லிவிட்டார். மூன்று வருஷம் ஞாயிறு தவறாமல் இருவரும் ஏரியைச் சுற்றியவர்கள். அவள் முன்னால், இவர் பின்னால். தனியாகத் தண்ணீரில் இறங்க டெய்லருக்கு மனம் வரவில்லை.

சும்மா கொடுக்காமல் பாடமும் நடத்தினார். கையால் இழுக்காதே, இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பு. துடுப்பைப் பாதத்துக்கு நேராக இறக்கு, இடுப்பைத் தாண்டுமுன் எடுத்துவிடு. கூன் போடாதே. இதையெல்லாம் மனைவியின் முதுகைப் பார்த்தபடி ஆயிரம் தரம் சொல்லியிருந்தார். வலிக்கிறது என்று அவள் சொன்னபோதெல்லாம், நிமிர்ந்து உட்கார் என்பதுதான் பதில். மூட்டை மாதிரி சரிகிறாய் என்று கேலி வேறு.

தம்பி பெண்டாட்டி முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்து காலால் துழாவினாள்.

"அண்ணா, காலை எதுல ஊன்றது? ஒண்ணும் எட்டலையே."

"உனக்கு வாய் மட்டும்தான் நீளம்," என்றான் தம்பி.

டெய்லர் சிரிக்கவில்லை. அவளுக்கும் தன் மனைவிக்கும் பேன்ட் தைக்க அவருடைய அளவு நோட்டில் ஒரே பக்கம்தான். நீளம் முப்பத்தாறு. கால் இஞ்ச் பிசகினாலும் பிரித்துத் தைக்கிற கை அவருடையது.

குனிந்து உள்ளே கைவிட்டார். காலை ஊன்றும் மிதிகட்டை, இருக்கைக்கு எட்டாத தூரத்தில், கடைசித் துளையில் கிடந்தது. படகு வந்த அன்று மனைவி மருந்துக்கடை வேலையில் இருந்தாள். இரண்டு இருக்கையிலும் இவரே உட்கார்ந்து தன் காலுக்கு வைத்துக்கொண்டார். அதற்கப்புறம் தொடவில்லை. ஊன்ற இடமில்லாத காலை வைத்துக்கொண்டு இடுப்பை எப்படித் திருப்புவாள்? சரியாமல் என்ன செய்வாள்?

கொக்கியைத் தூக்கி, கட்டையை இருக்கைப் பக்கம் இழுத்தார். நான்கு துளை. மறுபக்கமும் நான்கு. அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

"இப்போ நல்லா முட்டுது. முதுகு தானா நிமிருது, அக்கா," என்றாள் தம்பி பெண்டாட்டி.

மனைவிக்குக் குனிந்து பார்க்க முடியாது. நின்றபடியே கேட்டாள்.

"எத்தனை ஓட்டை தள்ளி இருந்துச்சு?"

"நாலு."

"கால் அந்தரத்துலதான் இருக்கும்னு நினைச்சேன். எட்டணும்னே எனக்குத் தெரியாதுங்க."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை. மன்னிப்புக் கேட்கத்தான் டெய்லர் வாயெடுத்தார். வந்தது வேறு.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"யாரு? நானா?"

"நான்தான்."

தம்பியும் பெண்டாட்டியும் படகைத் தூக்கிப் போய் வண்டி மேல் கட்டினார்கள். ஏரிக்குப் போகும் அவசரத்தில் கையசைக்கவும் மறந்து கிளம்பிவிட்டார்கள். இரண்டு முக்காலிகள் மட்டும் மிச்சம்.

டெய்லர் கை நீட்டினார். அவள் அதை விட்டுவிட்டு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக வெளியே வந்தாள். கொட்டகையில் இனித் திருடு போக ஒன்றுமில்லை. இருந்தாலும் அவர் அவளுக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினார்.