பீரோவுக்குப் பின்னால் ஒரு பிளக்

ஆம்பூருக்குக் கரண்டு வந்த புதிதில் பணக்காரர்களுக்கு ஒரு விசித்திரமான வெட்கம் இருந்தது. விளக்கு வேண்டும், விசிறி வேண்டும். ஆனால் ஒயர் மட்டும் கண்ணில் படக் கூடாது. அதனால் ஊரில் இருந்த பிளக்குகளெல்லாம் கட்டிலுக்கு அடியிலும் பீரோவுக்குப் பின்னாலும் போய் ஒளிந்துகொண்டன. அங்கே நுழைந்து வேலை செய்யத் தோதான உடம்பு ஒயர்மேன் தேவசகாயத்துக்குத்தான் வாய்த்திருந்தது. ஆள் எலும்பும் தோலுமாக இருப்பான். நாலு விரல் சந்து கிடைத்தால் தோள்வரை கையை விட்டுவிடுவான்.

மாதனூர்க்காரன். பெண்டாட்டியைக் காலரா கொண்டுபோன பிறகு ரயில்வே கேட் பக்கம் ஓர் அறை எடுத்து, பழைய சோறும் வெங்காயமுமாகக் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தான். பிள்ளை குட்டி கிடையாது. வேலை இல்லாத நாளில் வாயைத் திறக்கவே அவனுக்கு அவசியம் வராது.

முனவ்வர் பேகம் வீட்டில் அவனைக் கூப்பிட்டது ஒரு மேஜை விசிறிக்காக. பேகம் தோல் மண்டிக்காரரின் விதவை. மகன் வாஹித் பாஷா மண்டியைப் பார்க்கச் சென்னைப் பெரியமேட்டுக்குப் போனவன், பெண்டாட்டி பிள்ளைகளோடு அங்கேயே தங்கிவிட்டான். வரத்தான் முடியவில்லை, காற்றாவது வரட்டும் என்று விசிறியை அனுப்பிவைத்தான். அத்தனை பெரிய வீட்டில் பேகமும் வேலைக்கார முனியம்மாவும்தான். பிளக் வைக்க வேண்டிய சுவரை ஒரு ராட்சச பீரோ மறைத்துக்கொண்டு நின்றது. அது அவர் புருஷன் நிறுத்தி வைத்துவிட்டுப் போனது; நகர்த்தக் கூடாது என்று பேகம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அந்த வீட்டுக்குள் ஓர் ஆண்பிள்ளை போக முறை உண்டு. வாசலில் நின்று கனைக்க வேண்டும். பேகம் பக்கத்து அறைத் திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்ததும் முனியம்மா வந்து சொல்லுவாள். அதற்குப் பிறகுதான் கால் வைக்கலாம். அதுவும் வேலை இருந்தால்தான்; சும்மா வருகிறவனுக்கு அந்த வாசலில் இடமே இல்லை.

தேவசகாயம் மெயினை அணைத்துவிட்டுத் தரையில் ஒருக்களித்துப் படுத்தான். கன்னத்தைச் சுவரோடு அழுத்திக்கொண்டு கையை உள்ளே விட்டான். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. சுண்டு விரலால் ஓட்டையைத் தேடி, திருகாணியை வைத்து, குட்டைத் திருப்புளியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். அப்போது திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"மேஸ்திரி, இன்னிக்கு உங்கூட்ல இன்னா கொழம்பு?"

திருப்புளி நழுவி விழுந்தது. பெண்டாட்டி போனதிலிருந்து அவனை இந்தக் கேள்வி கேட்க ஆள் இல்லை. பழைய சோறுதான் என்றான். அதெப்படி என்று பேகம் பிடித்துக்கொண்டார். அவன் முகம் பீரோவுக்குப் பின்னால், அவர் முகம் திரைக்குப் பின்னால். அதனாலோ என்னவோ இரண்டு பேருக்கும் பேச்சு தாராளமாக வந்தது. பேகம் பேரணாம்பட்டில் பிறந்த கதையைச் சொன்னார். அவன் தன் பெண்டாட்டி வைக்கும் மீன் குழம்பைச் சொன்னான். சீக்கிரம் முடிகிற வேலை அன்று நெடுநேரம் இழுத்தது.

கொஞ்ச நாளில் விசிறி நின்றுவிட்டது என்று முனியம்மா வந்தாள். போய்ப் பார்த்தால் விசிறி ஒயரின் பிளக் சுவரிலிருந்து கழன்று தொங்கியது. செருகினான், பேசினான், வந்தான். மறுபடியும் கழன்றது. எலி என்றார் பேகம். இருக்கும் என்றான். அதற்குள் தினமும் ஒரு குழம்பு வைக்கத் தொடங்கியிருந்தான். எந்த நாள் கூப்பிடுவார்களோ தெரியாது, கேட்டால் பதில் வேண்டுமே.

ஒருநாள் பீரோ ஓரத்தில் பேகத்தின் கைத்தடி சாத்தியிருந்தது. அதன் வளைந்த பிடியில் ஒட்டடை அப்பியிருந்தது. பீரோவுக்குப் பின்னாலிருந்து எடுத்த அவன் சட்டைக் கையிலும் அதே ஒட்டடை. எலி யாரென்று தேவசகாயத்துக்குப் புரிந்துவிட்டது. தொழில்காரனுக்குக் கோபம் வர வேண்டிய இடம். அவனுக்கோ சந்தோஷம்தான் வந்தது. தன்னை வரவழைக்க ஒருவர் இவ்வளவு மெனக்கெடுகிறாரே. கைத்தடியைத் துண்டால் துடைத்து இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, பொல்லாத எலிம்மா என்றான். திரைக்குப் பின்னால் பேகம் சிரிப்பை அடக்குவது கேட்டது.

பக்ரீதுக்கு வாஹித் பாஷா வந்த சமயத்திலும் விசிறி நின்றிருந்தது. அவன் ஆள் விட்டுத் தேவசகாயத்தைக் கூப்பிட்டான்.

"இன்னாய்யா வேல செய்ற நீ? ஒரு பிளக்க நிக்க வெக்கத் தெர்ல. வேலூர்லேர்ந்து வேற ஆளக் கூப்டட்டா?"

பேகத்தின் காதுபடவே கேட்டுவிட்டான். இங்கேதான் அந்தப் பாழாய்ப்போன ரோஷம் குறுக்கே வந்து விழுந்தது. தேவசகாயம் ஒரு தேக்குப் பட்டையை இழைத்து, பிளக்கின் முதுகை அணைத்தாற்போல் குறுக்கே வைத்து, இரண்டு பக்கமும் திருகாணி போட்டு முடுக்கினான். கன்னம் சுவரில் தேய்ந்து எரிந்தது. அன்று திரைக்குப் பின்னால் பேச்சே இல்லை. வாஹித் பாஷா ஒயரைப் பிடித்துப் பலங்கொண்ட மட்டும் இழுத்துப் பார்த்தான். பிளக் அசையவில்லை.

பேகம் மெல்லக் கேட்டார். "இனிமே கழலாதா மேஸ்திரி?"

எலி இருக்குதும்மா, சொல்ல முடியாது என்று சொல்லியிருக்கலாம். ரோஷம் முந்திக்கொண்டது.

"ஆயுசுக்கும் கழலாதும்மா. இனிமே என்னக் கூப்ட வேண்டிய வேலயே இல்ல."

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவனுக்கு உறைத்தது. திரைக்குப் பின்னாலிருந்து "நல்ல வேல மேஸ்திரி" என்று மட்டும் குரல் வந்தது. குழம்பைப் பற்றிக் கேட்கவில்லை. வர இஷ்டமில்லாமல்தான் இப்படிச் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டாரோ என்னவோ. அப்படி இல்லை என்று மகனை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

வாஹித் பாஷா சென்னைக்குத் திரும்பிப் போனான். முனியம்மா வரவில்லை. தேவசகாயம் காரணமில்லாமல் அந்தத் தெரு வழியாகப் போவான். விசிறி ஓடுகிற சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்கும். வாசலில் நின்று கனைக்கக் கையில் ஒரு வேலை இல்லாமல் நடையைக் கட்டுவான்.

மார்கழியில் ஒருநாள் கடைத்தெருவில் முனியம்மாவைப் பார்த்தான். குழம்புக்குக் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டே, விசிறி எப்படி இருக்கிறது என்று விசாரித்தான்.

"நல்லா ஓடுது. இந்தக் குளிர்லயும் ராப்பகலா ஓட வுட்டுட்டு, கம்பளியப் போத்திக்கினு எதிர்லயே உக்காந்திருக்காங்க. நிறுத்தட்டுமான்னு கேட்டா, தானா நிக்கட்டும்றாங்க."

தேவசகாயம் கத்தரிக்காயைக் கூடையிலேயே போட்டுவிட்டான். அது தானாக நிற்காது. அவன் பொருத்தியது.