கழுத்தில் ஒரு கோடு

கழுத்தில் கட்டி எடுக்கப் போனவள் தோளைக் கொடுத்துவிட்டு வந்தாள் என்று தெருவே பேசியது. தெரு பேசுவதில் பாதி பொய்யாக இருக்கும். இது அப்படியே உண்மை.

அவளுக்குச் சொந்தமாக ஒரு முடிவெட்டும் கடை இருந்தது. இரண்டு நாற்காலிகள், சுவர் நீளத்துக்கு ஒரு கண்ணாடி. ஒரு நாற்காலி அவளுக்கு, மற்றது தங்கைக்கு. வருகிறவர்களுக்கெல்லாம் அவள் கத்திரி அக்கா. வலது கழுத்தோரம் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி கிளம்பியபோது, கணவன் எலக்ட்ரீஷியனாக வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே காட்டினாள்.

"சின்ன விஷயம்மா. காலையில வந்தா சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம்" என்றார் சர்ஜன்.

சொன்னபடியே சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். கெட்ட கட்டி இல்லை என்றும் ரிசல்ட் வந்தது. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. தையல் பிரித்ததும் கடையைத் திறந்தாள். முதலில் வந்தவரின் உச்சி முடியை வெட்டக் கையைத் தூக்கினாள். கை தோள் உயரத்துக்குக்கூட வராமல் நின்றுவிட்டது. யாரோ பின்னாலிருந்து முழங்கையைப் பிடித்துக் கீழே இழுப்பது போலிருந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்த்தாள்.

சர்ஜனிடம் போனாள். வீக்கம், வற்றினால் சரியாகிவிடும் என்றார். மறுபடி போனபோதும் வீக்கம்தான். அதற்குப் பிறகு அவர் ஊரில் இல்லை, மீட்டிங்கில் இருக்கிறார் என்று வரவேற்பு மேஜையிலேயே திருப்பி அனுப்பினார்கள். இதற்குள் வலது தோள் சரிந்து, முதுகில் தோள்பட்டை எலும்பு துருத்திக்கொண்டு வந்தது.

"அக்கா, உனக்கு ஒரு பக்கம் இறக்கை முளைக்குது. இன்னொரு பக்கமும் முளைக்கட்டும், பறந்துடலாம்" என்றாள் தங்கை. இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்ததில் தோள் வலித்தது.

கடைசியில் வேறோர் ஆஸ்பத்திரியில் நரம்புப் பரிசோதனை செய்துகொண்டாள். தோளில் ஊசியைக் குத்தி, "இப்ப தூக்குங்க" என்றார் அங்கிருந்த டாக்டர். தூக்கப் பார்த்தாள். தசை அசைந்தால் இரைய வேண்டிய மெஷின் ஊமையாகக் கிடந்தது.

"தோளைத் தூக்கற நரம்பு வெட்டுப்பட்டிருக்கும்மா. உடனே கவனிச்சிருந்தா தைச்சிருக்கலாம். இப்ப ரொம்ப நாள் ஆயிடுச்சு."

அன்றைக்கே அவள் வக்கீலைப் பார்த்தாள். வக்கீல் நடுத்தர வயதுப் பெண்மணி. ஆசை வார்த்தை பேசத் தெரியாதவர்.

"கை போச்சுன்னு காட்டினா மட்டும் கேஸ் நிக்காது. அந்த நரம்பைப் பாதுகாக்க எதுவும் செய்யலைன்னு காட்டணும். வெட்டுப்பட்டது தெரிஞ்சும் வீக்கம்னு சொல்லிக் காலத்தைக் கடத்தினாங்கன்னு காட்டணும். அவங்க என்ன சொல்வாங்க தெரியுமா? எங்களுக்கு இப்படி நடந்ததே இல்ல, இது துரதிர்ஷ்டம்னு சொல்வாங்க. ஆழம் பார்த்துட்டு இறங்குங்க."

இறங்கினாள். நோட்டீஸ் போய்ச் சேர்ந்த வாரமே கணவனை வார்டு வேலையிலிருந்து எடுத்து அடித்தளத்தில் ஜெனரேட்டர் அறைக்கு மாற்றினார்கள். ஜன்னல் இல்லாத அறை. துணைக்கு ஆள் கிடையாது. கேண்டீனில் அவன் உட்கார்ந்தால் பக்கத்திலிருப்பவர்கள் தட்டோடு எழுந்து போனார்கள்.

"அவங்க உப்பைத் தின்னுக்கிட்டே அவங்க மேல கேஸ் போட்டா எப்படி?" என்றான் அவன்.

"உப்பு சும்மா வரலைங்க. நீங்க உழைச்சீங்க" என்றாள்.

ஒரு மத்தியானம் தங்கை சாப்பிடப் போயிருந்த நேரம், ஆஸ்பத்திரி மேனேஜர் கடைக்குள் வந்தார். வெள்ளைச் சட்டை, மெல்லிய சிரிப்பு. நேராக அவள் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"லேசா ட்ரிம் பண்ணுங்க, போதும்."

துணியைப் போர்த்திக் கழுத்தில் கட்டினாள். கை எட்டுவதற்காக நாற்காலியைத் தரையோடு தரையாக இறக்கினாள். அவர் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, தோளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க வீட்டுக்காரர் நல்ல உழைப்பாளி. ஆனா கரண்ட் வேலை பாருங்க. ஒரு நிமிஷம் கவனம் சிதறினா போதும். வீட்ல நிம்மதி இருந்தாத்தான் வேலையில கவனம் இருக்கும்."

அவருடைய பிடரியில் அவளுடைய இடது கை இருந்தது. வலது கையில் கத்திரி. அவள் நிறுத்தாமல் வெட்டினாள். வெட்டி முடித்துத் துணியை எடுத்தபோதுதான் கவனித்தாள். எதிர் அலமாரியில், கண்ணாடிக்குக் கீழே, அவருடைய போன் சீப்பு டப்பாவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது. அதன் கண் அவளையே பார்த்தது.

"நேர்த்தியா வெட்டறீங்க. கை வராதுன்னு யார் சொன்னா?" என்று சொல்லி, போனைப் பையில் போட்டுக்கொண்டு அவர் போனார். அவர் முடி தரையில் கிடந்தது. அவளுக்கு அதைப் பெருக்கக்கூட அருவருப்பாக இருந்தது.

அடுத்த மாதம் அது நடந்தது. ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே புகையை வெளியே தள்ளும் மின்விசிறி நின்றுவிட்டது. கதவு வெளியிலிருந்து தாழ்ப்பாள் போட்டிருந்தது. அந்தப் பக்கம் போன துப்புரவுத் தொழிலாளி ஒருத்தி தட்டும் சத்தம் கேட்டுத் திறந்திருக்காவிட்டால் அவன் உயிரோடு வந்திருக்க மாட்டான். தாழ்ப்பாள் போட்டது யார் என்று யாருக்கும் தெரியவில்லை. தவறுதலாக நடந்திருக்கும் என்றார்கள்.

வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவன் இருமிக்கொண்டே சொன்னான்: "விட்டுடலாம்மா. தோளோட போகட்டும்."

அவளும் சரி என்றாள். அந்தத் தாழ்ப்பாளை நினைத்தபோது வேறு எதுவும் சொல்ல வாய் வரவில்லை. கடையைப் பூட்டிவிட்டு வக்கீலிடம் போய்ச் சொல்லிவிடுவது என்று இருந்தவளை, பூட்டப் போகிற நேரத்தில் ஒரு பெண் வந்து தடுத்தாள். பள்ளிக்கூட டீச்சர், அடுத்த தெரு. முன்பு வந்ததில்லை.

"நுனி மட்டும் வெட்டணும்."

உட்கார வைத்து, கூந்தலைச் சேர்த்து ஒரு பக்கமாக ஒதுக்கினாள். கை அப்படியே நின்றது. வலது கழுத்தோரம் ஒரு கோடு. அவளுடையதைப் போலவே அதே இடம், அதே நீளம். அதற்குக் கீழே தோள் சரிந்திருந்தது.

இருவரும் கண்ணாடியில் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"முடி வெட்ட வரலைங்க" என்றாள் டீச்சர் மெதுவாக. "உங்களைப் பார்க்கத்தான் வந்தேன்."

"அதே சர்ஜனா?"

"அதே சர்ஜன்தான். உங்களுக்கு முந்தின வருஷம். அந்த மேனேஜரே வீட்டுக்கு வந்தார். வெளியில பேசக்கூடாதுன்னு கையெழுத்து வாங்கிக்கிட்டு கொஞ்சம் கொடுத்தார். இப்ப போர்டுல இடது கையாலதான் எழுதறேன். பிள்ளைங்க கோழி கிறுக்கினாப்பல இருக்குன்னு சிரிக்குதுங்க." "நான் அன்னிக்கு வாயைத் திறந்திருந்தா உங்களுக்கு இது வந்திருக்காதுங்க. அதான் தூக்கம் வரல."

கத்திரி அக்கா கத்திரியைக் கீழே வைத்தாள். தங்கையின் நாற்காலியை இழுத்துப் போட்டு டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கோபம் டீச்சர் மேல் வரவில்லை.

வீட்டில் கணவனிடம் சொன்னாள்: "நான் போய்ப் படுக்கறதுக்கு முன்னாடியே அவங்களுக்குத் தெரியும்ங்க. தெரிஞ்சே படுக்க வெச்சாங்க."

அவன் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைக் கழற்றித் தரையில் வைத்தான். "என்னை நம்பித்தானே அங்க வந்தே" என்றான். மறுநாள் ஆஸ்பத்திரி சாவிக்கொத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அந்தக் கொத்து அவன் இடுப்பில் கிடந்தது.

டீச்சர் போட்ட கையெழுத்து கோர்ட் சம்மனைத் தடுக்காது என்றார் வக்கீல். சம்மன் போயிற்று. விசாரணை நாளில் மேனேஜர் கூண்டில் ஏறி, இப்படி ஒன்று எங்கள் ஆஸ்பத்திரியில் நடந்ததே இல்லை என்று சத்தியம் செய்தார். கடையில் எடுத்த வீடியோவையும் போட்டுக் காட்டினார்கள். "நாற்காலி ஏன் தரையில் இருக்கிறது?" என்று மட்டும் கேட்டார் நீதிபதி.

ஆனால் டீச்சரைக் காணவில்லை. போன் அணைந்திருந்தது. அவள் வீட்டுக் கதவு பூட்டியிருந்ததாகப் போய்ப் பார்த்த தங்கை சொன்னாள். மத்தியான இடைவேளை முழுக்க கத்திரி அக்காவுக்கு அந்தத் தாழ்ப்பாள்தான் கண்ணில் நின்றது. வாசலில் ஒவ்வொரு காலடி கேட்டபோதும் எழுந்து எட்டிப் பார்த்தாள்.

மறுபடி கோர்ட் கூடியபோது டீச்சர் வந்தாள். முதல் நாள் சாயங்காலத்திலிருந்து வீட்டு வாசலில் இரண்டு பேர் நின்றிருக்கிறார்கள். பின்பக்கமாக அண்ணன் வீட்டுக்குப் போய், அங்கிருந்து வந்திருக்கிறாள். கூண்டில் ஏறி, கழுத்தில் சுற்றியிருந்த துணியை இடது கையால் அவிழ்த்தாள். பேசுவதற்கு முன்பே எல்லாரும் பார்த்துவிட்டார்கள். மேனேஜர் மட்டும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

தீர்ப்பு கத்திரி அக்கா பக்கம் வந்தது. அலட்சியம், தெரிந்தே மறைத்தது என்று இரண்டையும் நீதிபதி வாய்விட்டுச் சொன்னார். நஷ்டஈடும் வந்தது. கை வரவில்லை. இடது கையால் கத்திரி பிடிக்கப் பழகிக்கொண்டாள். கணவன் கடைக்குப் பக்கத்திலேயே சின்னதாக ரிப்பேர் கடை போட்டான். சர்ஜன் ஆஸ்பத்திரியை விட்டுப் போய்விட்டார். எங்கே போனார் என்று யாரும் சொல்லவில்லை.

செய்தி பேப்பரில் வந்த காலையில் கடை போன் அடித்தது. தங்கை எடுத்தாள். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, முகம் வெளுத்து, அக்காவிடம் நீட்டினாள்.

"அக்கா, யாரோ ஒரு அம்மா. அவங்க பொண்ணுக்கும் கழுத்துலயாம்."

அவள் பேசி முடித்துப் போனை வைப்பதற்குள் அடுத்தது அடித்தது.